புரொடியூசருக்கு ஒரு டீ

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்த கூடப் பொய் இல்ல. பொய்யா இருந்தா இன்னைக்கு எனக்குச் சோறு எறங்கக் கூடாது. சோறுன்னா எனக்கு உசுருங்குறது உங்க எல்லாருக்கும் தெரியும். அதனால நம்பிக் கேளுங்க.

ஆலங்கோட்டையில திரவியம்னு ஒருத்தரு. கல்யாண வீடியோக்காரரு. வயசு அம்பதத் தொடப் போகுது. தலையில பாதி முடி போயிருச்சு, மிச்சம் போகலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு நிக்கிது. சுத்துப்பட்டுல யாரு தாலி கட்டுனாலும் இவரு கேமரா பக்கம் திரும்பிச் சிரிச்சிட்டுத்தான் கட்டுவாங்க.

கல்யாண வீடியோவுக்கு ஒரு மொற இருக்கு. எல்லாத்தையும் எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, குடுக்குறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவரக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக் காட்டணும். என் தம்பி எதுக்குப்பா இத்தன தடவ வர்றான்னு அவரு கேப்பாரு. தம்பியத் தூக்கிரணும். பொண்ணு அழுவுறது வேணாமேம்பாரு. அழுகையத் தூக்கிரணும். பந்தியில சண்ட நடந்திருந்தா, அது நடக்கவே இல்ல.

திரவியம் இதுல கில்லாடி. போகப் போகப் பெரியவரு வாயத் தொறக்கவே தேவையில்லாமப் போச்சு. அவரு திரும்பி ஒரு பார்வ பாத்தாப் போதும், எத வெட்டணும்னு இவரு கைக்குத் தெரிஞ்சிரும். மூளைக்கு அப்புறமாத்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு நாளு சினிமா எடுக்கக் கெளம்புனாரு. பாட்டு இல்ல, ஃபைட்டு இல்ல, நடந்தத நடந்தபடி சொல்ற படம்.

கருமலைப்பட்டியில ஒரு மல இருந்துச்சு. இப்பப் பாதி இருக்கு. மிச்சப் பாதிய ரத்தினவேலு முதலாளியோட கிரஷரு ஜல்லியா அரைச்சு லாரியில ஏத்திருச்சு. பாறையில வெடி வைக்கிறதுக்கு முன்னாடி சங்கு ஊதணும். சத்தம் கேட்டதும் கீழ வேல பாக்குறவங்க ஓடி ஒதுங்கணும். ஒரு நாளு ஊதல. குனிஞ்சு கல்லு பொறுக்கிக்கிட்டிருந்த வெள்ளத்தாயி புருசன் அப்புறம் நிமிரவே இல்ல. கால் வழுக்கி விழுந்து செத்தாருன்னு சொல்லி முடிச்சிட்டாங்க.

அந்த ஊருக்குச் சடங்கு வீட்டு வீடியோ எடுக்கப் போன எடத்துலதான் திரவியம் இதக் கேள்விப்பட்டாரு. சோறு எறங்கல. திரும்பத் திரும்பப் போனாரு. கடைசியில வெள்ளத்தாயி கேமரா முன்னாடி உக்காந்து ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு.

"அன்னைக்குச் சங்கு ஊதல."

சொல்லி முடிச்சிட்டு, எந்திரிக்கிறதுக்கு முன்னாடி இவருகிட்ட இன்னொண்ணும் சொல்லுச்சு.

"எம் மூஞ்சியக் காட்டிப் போடுங்க. மூஞ்சி இல்லாமப் போட்டா, எவளோ சொன்னான்னுருவாங்க."

சரின்னுட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழம பகல்ல அந்த ஊரு சமுதாயக் கூடத்துலயே படத்தப் போடுறதா வாக்கும் குடுத்துட்டாரு. வாக்குக் குடுக்குறப்ப மனுசனுக்குத் தைரியத்துக்குக் கொறச்சலே இருக்காது.

இவருக்கு ஒரு குரு இருந்தாங்க. ரெஜினா டீச்சர். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்ல, படம் வெட்டக் கத்துக் குடுக்குற டீச்சர். திரவியத்தவிட நல்லாவே வயசு கம்மி. மெட்ராசுல பெரிய பெரிய படமெல்லாம் வெட்டுனவங்க. ஒரு ஹீரோவோட மச்சான் தெனமும் பின்னாடி வந்து நின்னு, இத நீட்டு, அதக் கொறைன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. ஒரு நாளு, நீங்களே உக்காருங்கன்னு எந்திரிச்சு வந்துட்டாங்க. இப்ப ஆலங்கோட்டை பஜார்ல மாடியில ஒரு ரூமு, ஒரு கம்ப்யூட்டரு, வர்றவங்களுக்குப் பாடம். சீடரு ஸ்கூட்டர்ல வருவாரு. குரு வாங்கண்ணேம்பாங்க. அவ்வளவுதான் அந்த ஆசிரமம்.

டீச்சர் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த ரெண்டு மூணு நாள்லதான் இவரு அந்த ரூமுல உக்காந்து படத்த வெட்டி முடிச்சாரு. டீச்சர் வந்து செருப்பக் கழட்டக்கூட இல்ல, கேட்டுட்டாரு.

"டீச்சர், கேமரா என்னுது. செலவு என்னுது. வெளியாளு ஒருத்தன் உள்ள வரல. அப்ப இது இண்டிபெண்டன்ட் படந்தான?"

"போடுங்கண்ணே, பாப்போம்."

போட்டாரு. மல வந்துச்சு. ஆடு வந்துச்சு. தூரத்துல லாரி ஒண்ணு எறும்பு கணக்காப் போச்சு. மறுபடி ஆடு. ஒரு பொம்பளையோட கை வந்துச்சு, அது பாட்டுக்குச் சும்மா கெடந்துச்சு. மறுபடி ஆடு, இந்தத் தடவ குட்டியோட. முடிஞ்சிருச்சு.

"ஆடு நல்லா நடிச்சிருக்கு," ன்னாங்க டீச்சர்.

திரவியம் சிரிக்கல.

அந்தக் கைக்கு மேல ஒரு மூஞ்சி இருக்கணுமேன்னு கேட்டாங்க. வெளிச்சம் பத்தலைன்னாரு. அது பேசியிருக்கணுமேன்னாங்க. காத்துச் சத்தம் ஜாஸ்தின்னாரு.  அப்புறம் இவரு, எல்லாம் அந்தப் பொம்பளையோட நல்லதுக்குத்தான் டீச்சர், நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னாரு.

"மூஞ்சியத் தூக்கச் சொல்லி அவங்க கேட்டாங்களாண்ணே?"

திரவியம் மவுசத் தொடைக்க ஆரம்பிச்சாரு.

டீச்சர் மூலையில கெடந்த செவப்பு பிளாஸ்டிக் சேர எடுத்தாங்க. தூசியத் தொடைச்சாங்க. திரவியத்தோட சேருக்குப் பின்னாடி, பெடரியில மூச்சு படுற தூரத்துல போட்டாங்க. கீழ டீக்கடைக்குப் போனப் போட்டு மூணு டீ சொன்னாங்க. டீ வந்துச்சு. டீச்சருக்கு ஒண்ணு, திரவியத்துக்கு ஒண்ணு. மூணாவது கிளாச அந்தக் காலிச் சேருக்கு முன்னாடி ஸ்டூல் மேல வச்சாங்க.

"யாருக்கு டீச்சர் இது?"

"புரொடியூசருக்கு."

"எனக்குத்தான் புரொடியூசரே இல்லையே."

"அந்த மூஞ்சிய எடுத்து வைங்க. வர்றாரா, இல்லையான்னு பாப்போம்."

திரவியம் வெள்ளத்தாயி மூஞ்சிய எடுத்துப் படத்துல வச்சாரு. வச்ச கையோட எந்திரிச்சு ஜன்னலுக்குப் போயி, ஓரமா நின்னு கீழ எட்டிப் பாத்தாரு. திரும்பி வந்து மூஞ்சியத் தூக்கிட்டு ஆட்டப் போட்டாரு.

டீச்சர் காலிச் சேரப் பாத்து மரியாதையாக் கேட்டாங்க. "ஏன் சார், வேணாமா?"

இன்னொரு தடவ வைக்கச் சொன்னாங்க. வச்சாரு. மறுபடியும் ஜன்னலு. மறுபடியும் ஆடு. திரவியத்துக்கு மேல் ஒதட்டுல வேர்த்திருச்சு. அப்புறந்தான் வாயத் தொறந்தாரு.

எதுத்தாப்புல, தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கிதே வெள்ள ஜீப்பு, அது ரத்தினவேலு முதலாளி ஜீப்பு. கண்ணாடி பூரா கருப்பு. உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியாது. இவரு படத்த வெட்ட உக்காந்த அன்னைக்கு வந்து நின்னது, அந்த எடத்த விட்டு நகரவே இல்ல. ரெண்டு வருசம் முந்தி ஒரு பேப்பர்காரன் கேமராவத் தூக்கிக்கிட்டுக் கிரஷர் பக்கம் போனான். இன்னைக்கு அவன் எடது கையால சோறு திங்கிறான். திரவியத்துக்குக் கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்கு. தெனமும் அது தையல் கிளாசுக்கு இந்தத் தெரு வழியாத்தான் போகுது. ஜீப்பத் தாண்டித்தான் போகுது.

அன்னையில இருந்து இவரு முன் படிக்கட்டு பக்கமே போறதில்ல. பின்னாடி மாவு மில்லுக்குள்ள பூந்து வெளிய போறாரு. ஒரு நாளு தலையோட காலு வெள்ளையா வீட்டுக்குள்ள நொழைஞ்சதுல இவரு சம்சாரம் வேப்பெலயத் தேடிட்டாங்க. சிரிங்க, சிரிங்க. உங்களுக்கும் ஒரு ஜீப்பு வந்து நிக்கும், அப்பத் தெரியும்.

டீச்சர் எல்லாத்தையும் கேட்டாங்க. பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. ஸ்டூல் மேல இருந்த கிளாசத் தொட்டுப் பாத்தாங்க.

"டீ ஆறுதுண்ணே. அவரு மேல வர மாட்டாரு போல. நீங்களே கொண்டு போயிக் குடுத்துட்டு வந்துருங்க."

திரவியம் ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சாரு. டீச்சர் கிளாச நீட்டுன கைய மடக்கவே இல்ல.

முன் படிக்கட்டு வழியா எறங்குனாரு. தெருவக் கடக்குறதுக்குள்ள பாதி டீ வெரல்லதான் ஓடுச்சு. ஒரு பஸ்ஸு ஹாரன் அடிச்சுச்சு, காதுல ஏறல. ஜீப்புப் பக்கத்துல போயி நின்னாரு. கருப்புக் கண்ணாடியில இவரு மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு, கையில டீயோட, சாகப் போறவன் மாதிரி. தட்டுனாரு. சத்தம் இல்ல. கொலசாமிய நெனச்சுக்கிட்டு கதவத் தொறந்தாரு.

உள்ள ஆளு இல்ல. ஆளு உக்கார சீட்டும் இல்ல. வெறும் தகரம்.

"யாரு? திரவியமா?" ன்னு பின்னாடி கடைக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்தாரு சீட் கவர் தைக்கிற இஸ்மாயில் பாய். முதலாளி புதுசாச் சீட்டுப் போடச் சொல்லி விட்டுட்டுப் போனதையும், மதுரையில இருந்து ரெக்சின் வந்து சேராததையும், முதலாளி குடும்பத்தோட குத்தாலத்துல குளிச்சிக்கிட்டிருக்கறதையும் சொன்னாரு. சொல்லிக்கிட்டே இவரு கையில இருந்த கிளாச வாங்கி மிச்ச டீயக் குடிச்சாரு. சக்கர கம்மின்னாரு.

திரவியம் மாடிக்கு ரெண்டு ரெண்டு படியா ஏறுனாரு. வந்த வேகத்துல வெள்ளத்தாயி மூஞ்சிய எடுத்து வச்சாரு. குரல வச்சாரு. ஆட்டப் புடிச்சு வெளிய தள்ளுனாரு. சிரிப்பு அடங்கல மனுசனுக்கு.

"இப்பச் சொல்லுங்க டீச்சர். இப்ப இண்டிபெண்டன்ட் படந்தான?"

"குத்தாலத்துல சீசன் எப்பண்ணே முடியுது?" ன்னு கேட்டாங்க டீச்சர்.

சேர மூலைக்குத் தள்ளல. அது அங்கயே கெடந்துச்சு.

சனிக்கெழம மத்தியானம் திரவியம் ரூமுல உக்காந்து கடைசியா ஒரு தடவ படத்தப் பாத்துக்கிட்டிருந்தாரு. எதுத்தாப்புல ஜீப்பு இல்ல. புது சீட்டோட கெளம்பிப் போயிருச்சு. அப்பப் போன் அடிச்சுச்சு.

ரத்தினவேலு முதலாளி. கொரலு அம்புட்டு எதமா இருந்துச்சு. முதல்ல சொகம் விசாரிச்சாரு. குத்தாலத்துல தண்ணி நல்லா விழுகுதுன்னாரு. தன் மக கல்யாணத்துக்கு இவரு எடுத்த வீடியோவ இன்னமும் வீட்டுல போட்டுப் போட்டுப் பாக்குறதாச் சொன்னாரு. அப்புறம்,

"அத எனக்குக் காட்டிட்டுத்தானப்பா குடுத்த. இத மட்டும் ஏன் காட்டல?" ன்னாரு.

திரவியம் போனும் கையுமா எந்திரிச்சு நின்னுட்டாரு.

"சரி விடு. நாளைக்குக் கருமலைப்பட்டிக்கு நானே வர்றேன். முன்னாடி எனக்கு ஒரு சேரு போட்டு வையி." கொஞ்சம் நிப்பாட்டுனாரு. "ஒனக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல? தையலு நல்லாக் கத்துக்கிருச்சா?"

போன் கட் ஆயிருச்சு.

தெருவுல வண்டிச் சத்தம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. திரவியத்துக்குப் பெடரி முடி குத்திட்டு நின்னுச்சு. திரும்பிப் பாத்தாரு. காலிச் சேருதான். காலிச் சேருன்னு கண்ணு சொல்லுது, பெடரி கேக்க மாட்டேங்குது.

மகளுக்குப் போனப் போட்டு, கிளாசுக்குப் போக வேணாம், வாசப் படியத் தாண்டாதன்னாரு. வச்சிட்டு மவுசப் புடிச்சாரு. வெள்ளத்தாயி மூஞ்சி மேல அம்பக் கொண்டு போயி நிறுத்துனாரு. ஒரு தட்டு தட்டுனா மூஞ்சி போயிரும். அப்புறம் ஆடுதான். ஆட்ட யாரும் அடிக்க மாட்டாங்க.

டீச்சர் தடுக்கல. தட்டுங்கன்னும் சொல்லல.

"ஏதாவது சொல்லுங்க டீச்சர்," ன்னாரு. 

"அவரு என்னண்ணே கேட்டாரு?"

"என் மகளக் கேட்டாரு டீச்சர்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒரு சேரு போடச் சொன்னாரு."

டீச்சர் எந்திரிச்சாங்க. செவப்புச் சேரத் தூக்கித் திரவியம் மடியில வச்சாங்க.

"இந்தாங்க, கொண்டு போயி அங்க போடுங்க. நாளைக்கு அங்கதான் அவருக்கு வேல. இங்க என்ன வேல?"

திரவியம் சேரக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அப்புறம் அத ஸ்கூட்டர் பின்னாடி கவுத்து வச்சுக் கட்டுனாரு. படத்த அப்படியே பென் டிரைவுல ஏத்திச் சட்டப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. வழி பூரா ரெண்டையும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேதான் போனாரு.

ஞாயித்துக்கெழம பகல்ல சமுதாயக் கூடத்து ஜன்னலுக்கெல்லாம் சாக்கக் கட்டி இருட்டாக்கியாச்சு. ஊரு சனம் தரையில உக்காந்துச்சு. எல்லாருக்கும் முன்னாடி, தன்னந்தனியா அந்தச் செவப்புச் சேரு. முதலாளி வந்தாரு. வாசல்ல ரெண்டு ஆள நிறுத்துனாரு. துண்டால சேர ஒரு தட்டு தட்டிட்டு உக்காந்தாரு. வெள்ளத்தாயி கடைசியா வந்து, சனத்துக்கு நடுவுல எடம் கேட்டு உக்காந்துச்சு. தலைக்கு எண்ணெ வச்சுச் சீவியிருந்துச்சு. மூஞ்சி தெரியப் போற நாளுல்ல.

ஓரமா மேச மேல கம்ப்யூட்டரு. அது பக்கத்துல திரவியமும் டீச்சரும் நின்னாங்க.

படம் ஓடுச்சு. மல வந்துச்சு. மிச்சம் மீதி ஆடு ஒண்ணு வந்துச்சு. அது எங்காடுன்னு எவரோ சொல்ல, சனம் சிரிச்சுச்சு. அப்புறம் சொவரு பூரா வெள்ளத்தாயி மூஞ்சி வந்துச்சு. சிரிப்பு நின்னுச்சு.

"அன்னைக்குச் சங்கு ஊதல."

செவப்புச் சேரு கிரீச்சுன்னுச்சு. அந்தக் கூடத்துல அப்ப ஒருத்தரும் சொவரப் பாக்கல. எல்லாரும் சேருக்கு மேல தெரிஞ்ச பெடரியத்தான் பாத்தாங்க. அத்தன கண்ணு. பெடரியில தண்ணி கோத்து, சட்டக் காலருக்குள்ள எறங்குச்சு. பெடரியில அப்படி ஒரு ஆளு மூச்சு பட்டா எப்படி இருக்கும்னு திரவியத்துக்குத் தெரியும்.

முதலாளி மெதுவாத் தலையத் திருப்புனாரு. சனத்தப் பாக்கல. நேரா திரவியத்தப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. பேச வேண்டியதில்ல. வீட்டுப் பெரியவரு பாக்குற அதே பார்வ. வாழ்க்க பூரா இவரு கைக்குப் பழகுன பார்வ. வாசல்ல நின்ன ரெண்டு பேரும் ஒரு அடி உள்ள வந்தாங்க.

திரவியத்தோட வலது கை தன்னாலக் கம்ப்யூட்டரப் பாத்துக் கெளம்புச்சு. ஒரு பட்டன அமுக்குனா மூஞ்சி அணைஞ்சிரும்.

"டீச்சர்," ன்னாரு, மூச்சுக் காத்துலயே. "கை நடுங்குது. நில்லுன்னாலும் நிக்காமப் போகுது."

டீச்சரும் வாசலத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்க. அவங்க கழுத்துச் சிலுவையும் ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"எனக்கும் நடுங்குதுண்ணே. பாக்கெட்டுல விட்டுக்குங்க."

திரவியம் கைய எடுத்துப் பாக்கெட்டுக்குள்ள விட்டாரு. அது உள்ளயும் நடுங்குச்சு. வெள்ளத்தாயி மூஞ்சி சொவத்துல அப்படியே இருந்துச்சு.

அவ்வளவுதான் கதை. அப்புறம் என்னன்னு கேக்குறவங்க, முதல்ல உங்க பாக்கெட்டுல கைய விடுங்க. விட்டாச்சா? நீங்க என்ன திரவியமா, உள்ளயே வச்சுக்கிறதுக்கு? எடுங்க வெளிய, டீக்காசோட. சக்கர தூக்கலா இருக்கணும், சொல்லிட்டேன். ஆறிப்போனதக் குடிக்க நான் ஒண்ணும் இஸ்மாயில் பாய் இல்ல.